சாலை பார்க்கப் போகும் பேருந்து

2014ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். நாட்காட்டியின்படி குளிர்காலம் இன்னும் பிறக்கவில்லை. ஆயினும் ஊரை ஒட்டிக் கிடக்கும் பெரிய ஏரி, தன்மேல் வீசும் குளிர்காற்றைப் பனியாக்கிப் பொழிய அதற்காகக் காத்திருக்கவில்லை. முந்தைய நாளே கிளீவ்லாந்தின் கிழக்குப் பகுதி முழுவதையும் பனியால் மூடிவிட்டது. பள்ளிகள் அடைக்கப்பட்டிருந்தன. நண்பகல் கடந்த வேளையில், எங்கள் ஆய்வகக் கட்டடத்தின் பின்புறம், சரக்கு இறக்கும் வாசலில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து உயரமான, மிக மெலிந்த மனிதர் ஒருவர் இறங்கினார். முகக்கவசம் அணிந்திருந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். கையில், மதிய உணவு எடுத்துச் செல்வதைப் போன்ற சிறிய நீலப் பெட்டி.

“இங்க செல் வளர்க்கிறது யாருங்க?”

“நான்தான். ஆர்டித் ப்ரூவர்.”

“மிஸ் ஆர்டித், இந்தாங்க, பத்திரமா வாங்கிக்குங்க. என் மூக்கைக் கொண்டாந்திருக்கேன்.”

பேருந்தின் சன்னலைத் திறந்து ஓட்டுநர்ப் பெண் கத்தினார்: “ரூடி! பேசினது போதும், ஏறு! பள்ளிக்கூடப் பஸ்ஸை உன் மூக்குக்கு ஓட்டினேன்னு தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க!”

“நீ ஓட்டுறது ரோடு பார்க்கிற பஸ், ஜோனெல். இந்த வாசலும் ரோட்டுமேலதானே இருக்கு? சும்மா இரு.”

இவ்வளவு பேசியதற்கே அவருக்கு இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருமினார். இருமல் அடங்கியதும், இடையில் ஒன்றுமே நிகழாதது போல விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவர் பள்ளி மாவட்டத்தின் பேருந்துகளை வானொலி வழியாக இயக்கும் அலுவலர். பனி பெய்தால், மறுநாள் பள்ளியைத் திறக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன்னர், பிள்ளைகள் இல்லாத காலிப் பேருந்து ஒன்றைச் சாலை பார்க்க அனுப்புவார்கள். அது சறுக்காமல் திரும்பி வந்த பிறகே மற்றவை புறப்படும். அன்று அவருடைய மூக்கின் உட்புறத்திலிருந்து மருத்துவமனையில் தூரிகையால் உயிரணுக்களைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அவை சில மணி நேரத்துக்குள் எங்கள் கைக்கு வந்தாக வேண்டும். கொண்டுவர வேண்டிய ஆள், பனியைக் காரணம் காட்டி வர மறுத்துவிட்டார். ஆகவே இவர் தம் மூக்கைத் தாமே கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் வழக்கப்படி இது நடந்திருக்கக் கூடாது. உயிரணு தருபவரின் பெயரோ முகமோ எங்களுக்குத் தெரியலாகாது. எண் ஒன்றுதான் தெரியும். அறிந்த மனிதரின் உயிரணு என்றால், அளவெடுக்கும் கை தன்னையறியாமல் சற்றே சாய்ந்துவிடும் என்பது அவ்வழக்கத்தின் பொருள். பெட்டியின்மேல் இருந்த எண் நாற்பத்தொன்று. ஆனால் அன்று மாலையிலிருந்தே எங்கள் ஆய்வகத்தில் பேச்சில் எவரும் அந்த எண்ணைச் சொல்லவில்லை. என்னுடன் பணிபுரிந்த கார்லா, உயிரணுத் தட்டுகளைக் கையில் ஏந்தியபடி, “வழி விடுங்க, பஸ் வருது!” என்று கூவிக்கொண்டே நடந்தாள்.

ரூடி ஹோச்செவருக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நோயுடன் பிறந்தவர். நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் உப்பு வந்துபோவதற்கென்று ஒரு வாயில் உண்டு. அவ்வாயில் பழுதானால் நுரையீரலின் ஈரம் வற்றிச் சளி பசைபோல் இறுகிவிடும். கிருமிகள் அதில் குடியேறிவிடும். வியர்வை மட்டும் கடல்நீர்போல் கரிக்கும். அவருடைய அண்ணன் ஃபிராங்க் இதே நோயால் பள்ளி வயதிலேயே இறந்தான். இவர் எப்படியோ தங்கிவிட்டார். நாள்தோறும் இருட்டிலேயே எழுந்து, சளியை இளக்குவதற்காக நெஞ்சைக் குலுக்கும் கவசத்தை மாட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார். ஒவ்வொரு வேளை உணவுக்கும் முன்பு மாத்திரைகளை விழுங்குவார். அதன்பின் பணிமனைக்குச் சென்று, விடியற்காலையில் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்துவிடுவார். அவருடைய குரலைவிட இருமலையே ஓட்டுநர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். “ரூடி இருமி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு ஸ்டாப் தாண்டிடுவேன்” என்பது ஜோனெலின் கணக்கு.

அந்நோய்க்கு அப்போது ஒரு மாத்திரை வந்திருந்தது. மூடியே கிடக்கும் வாயிலைத் திறந்துவிடுவது அதன் வேலை. ஆனால் வாயில் பழுதாகும் விதங்கள் நூற்றுக்கணக்கானவை. ரூடியின் பழுதை உடையவர்கள் நாடு முழுவதும் தேடினாலும் ஒரு சிற்றுந்தை நிரப்பமாட்டார்கள். அத்தனை சிலரை வைத்து மருந்துச் சோதனை நடத்த இயலாது. எனவே எஞ்சிய வழி ஒன்றே: அவருடைய உயிரணுக்களை வளர்த்து, மருந்தை அவற்றின்மேல் இட்டு, அவை என்ன மறுமொழி கூறுகின்றன என்று பார்ப்பது. அவை ஆம் என்றால் மருந்து நிறுவனம் அவருக்கு மாத்திரை தர இசைந்திருந்தது. இல்லை என்றால், அவருக்கு மிஞ்சியது வேறொருவர் இறப்பதை எதிர்நோக்கிய நுரையீரல் மாற்று வரிசை. அவ்வரிசையின் முனையை எட்டும்வரை அவர் தாங்குவார் என்று அவருடைய மருத்துவர்கள் நம்பவில்லை.

மூக்கின் உயிரணுக்களை வளர்ப்பது பொறுமையான வேலை. முதலில் அவற்றை ஊட்டநீரில் பெருக்க வேண்டும். பிறகு நுண்ணிய துளைகளுள்ள சவ்வின்மேல் பரப்பி, அடியில் நீரும் மேலே காற்றுமாக வைக்க வேண்டும். காற்றுப் பட்ட பிறகுதான் தாம் மூக்கிலிருந்து வந்தவை என்பது அவற்றுக்கு நினைவு வரும் போலும். மெல்ல மெல்ல மேற்பரப்பில் மயிரிழைகள் முளைத்து, ஒரே திசையில் அசையத் தொடங்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஊட்டநீரை மாற்ற வேண்டும். பண்டிகை என்றாலும் பனி என்றாலும் உயிரணுக்களுக்குப் பசி பசிதான்.

இங்கே எங்கள் ஆய்வகத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் உயிரணுக்களுக்கு ஊட்டும் பொறுப்பைத் தலைவரே ஏற்பார். ஆண்டு முழுவதும் மற்றவர்கள் ஊட்டுவதால், அந்த ஒரு வாரம் அவர்கள் தத்தம் வீட்டில் இருக்கட்டும் என்பது டாக்டர் வெய்ன் ஸ்டிக்னியின் முடிவு. நல்ல மனிதர். இளமையில் தம் கையாலேயே ஆயிரக்கணக்கான தட்டுகளைப் பார்த்தவர். பிற்காலத்தில் கூட்டங்களே அவரைத் தின்றுவிட்டன. ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, சீழ்க்கையடித்தபடி உயிரணு அறைக்குள் நுழைவதில் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது.

“பாஸ், எதையும் உடைக்காதீங்க” என்றாள் கார்லா, கோட்டை மாட்டிக்கொண்டே.

“நீ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் செல்லுக்குச் சோறு போட்டவன். கிளம்பு, கிளம்பு. உன் பிள்ளைங்க கிறிஸ்துமஸ் மரத்தைக் கவுத்துடப் போறாங்க.”

அவ்வறையில் வளர்ப்புப் பெட்டிகள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்று மனித உடலின் சூட்டில் இருக்கும். மற்றொன்றை வேறொரு சோதனைக்காக அதைவிடப் பத்து டிகிரி குறைத்துக் குளிர்ச்சியாக வைத்திருந்தோம். நெடுங்காலமாக மேலே இருந்தது சூட்டுப் பெட்டி. அந்தக் கோடையில் பழுதுபார்த்தபோது, அவை இடம் மாறிவிட்டன. கதவில் வெப்பநிலை எண்களாக ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஊட்டநீர் மாற்றிய தட்டைத் திருப்பி வைக்கும் பழகிய கை எண்ணைப் பார்ப்பதில்லை.

அந்த டிசம்பரில் ரூடி மருத்துவமனையில் இருந்தார். நெஞ்சில் புதிய தொற்று. அவருடைய நிலையை அறிந்த டாக்டர் ஸ்டிக்னி, நாங்கள் திரும்பும்வரை காத்திருக்க மனமின்றி, கிறிஸ்துமஸ் முடிந்ததும் தாமே தட்டுகளை எடுத்துக் கருவியில் வைத்துச் சோதித்துவிட்டார். உயிரணுப் படலத்தின் குறுக்கே ஓடும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் கருவி அது. வாயில் திறந்தால் திரையில் கோடு ஏறும். திறக்காவிட்டால் தட்டையாகக் கிடக்கும். மருந்தை இட்டார், கோடு ஏறியது. மீண்டும் இட்டார், மீண்டும் ஏறியது. உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். எங்கள் அனைவரையும் வீட்டுக்கே அழைத்துச் சொன்னார். கார்லா தொலைபேசியிலேயே அழுதாள். நான் சமையலறையில் நின்றபடி, அடுப்பை அணைத்துவிட்டு, இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

புத்தாண்டு கழிந்து பணிக்குத் திரும்பிய காலையில், நாற்பத்தொன்றாம் எண்ணின் உதிரித் தட்டைத் தேடினேன். கீழே, சூட்டுப் பெட்டியில் அது இல்லை. மேலே, குளிர்ப் பெட்டியைத் திறந்தபோது அங்கே இருந்தது.

டாக்டர் ஸ்டிக்னியை அழைத்தேன். அவர் திறந்த கதவையும் தட்டையும் கதவின் எண்ணையும் பார்த்தார். அங்கிருந்த முக்காலியில் அமர்ந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

நாங்கள் இருவரும் அறிந்திருந்த உண்மை இது: சிலருக்கு, உப்பு வந்துபோகும் அவ்வாயில் உயிரணுவுக்குள் செய்யப்பட்டாலும் மேற்பரப்பை வந்தடைவதில்லை. கோணலாக மடிந்திருப்பதால் வழியிலேயே அழிக்கப்பட்டுவிடும். ஆனால் குளிரில் வளர்த்தால், மடிப்பு நிதானமாகவும் செவ்வையாகவும் அமைந்து, சில வாயில்கள் மேலே வந்துவிடும். வந்துவிட்டால் மருந்து அவற்றைத் திறக்கும். திரையில் ஏறிய கோடு அதுதான். எவராலும் குளிர்ப் பெட்டியின் சூட்டில் வாழ இயலாது. உடற்சூட்டில் வளர்ந்திருந்தால் ரூடியின் உயிரணுக்கள் என்ன சொல்லியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது.

“நானே போய்ச் சொல்றேன். போன்ல சொல்ற விஷயம் இல்லை இது. ஆர்டித், நீங்களும் வாங்க. உங்க முகம் அவருக்குத் தெரிஞ்ச முகம்” என்றார்.

மஞ்சள் அங்கியும் கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொண்டு அறைக்குள் சென்றோம். ரூடி தலையணைகளில் சாய்ந்து அமர்ந்திருந்தார். மூக்கில் உயிர்வளிக் குழாய். மடியில் பணிமனையின் சிறிய வானொலிப் பெட்டி. பேருந்துகளின் பேச்சு அதில் மெல்லக் கரகரத்துக்கொண்டிருந்தது. அவருடைய அக்கா மிட்ஸி, அக்ரூட் பருப்பை அரைத்து வைத்துச் சுருட்டிய பொட்டிட்சா ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் பண்டிகைக்கும் திருமணத்துக்கும் மட்டுமே அதைச் செய்வார்கள்.

“வாங்க டாக்டர்! பெரிய துண்டு உங்களுக்குத்தான்” என்றார் மிட்ஸி.

டாக்டர் ஸ்டிக்னி நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, பிறர்மேல் சாட்டவுமில்லை. தட்டைத் தவறான பெட்டியில் வைத்தது தாமே என்றார். வந்த விடை செல்லாது என்றார்.

மிட்ஸியின் கையில் கத்தி அப்படியே நின்றது.

“எனக்கு அண்ணன் தம்பின்னு ரெண்டு பேர். ஒருத்தனை ஏற்கெனவே மண்ணுல வச்சாச்சு. இவனுக்கு மாத்திரை கிடைச்சிருச்சுன்னு கோயில்ல மணி அடிக்காத குறையா ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க என்னடான்னா மேல் அடுப்பு எது, கீழ் அடுப்பு எதுன்னு தெரியாம… இதுக்குப் பேரு படிப்பா?”

“இல்லைங்க. இதுக்குப் பேரு கவனக்குறைவு. நீங்க திட்டுறது நியாயம்தான்.”

“திட்டினா ஆச்சா?”

“மிட்ஸி, விடு” என்றார் ரூடி. குரல் தாழ்ந்திருந்தது. வானொலியின் ஒலியைக் குறைத்தார். சற்று நேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சிறு பொழுதில் அவருடைய முகத்தில் கண்டதை நான் மறக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று நம்பி, உள்ளுக்குள் இடம் ஒதுக்கி வைத்துவிட்ட ஆண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பவரைப் போல் இருந்தார். பிறகு திரும்பினார்.

“குளிர்ல ஸ்டார்ட் ஆகாத பஸ்ஸை ஆயிரம் பார்த்திருக்கேன், டாக்டர். குளிர்ல மட்டும் ஸ்டார்ட் ஆகுற பஸ்ஸை இப்பதான் கேள்விப்படுறேன். அது என் மூக்காவா இருக்கணும்?”

டாக்டர் ஸ்டிக்னி அப்போதுதான் அமர்ந்தார். “அதைத்தான் நானும் வர்ற வழியெல்லாம் யோசிச்சிட்டு வந்தேன், ரூடி. உங்களோட கதவு மேல வந்தும் திறக்காம நிக்குதுன்னுதான் இத்தனை நாள் எல்லாரும் நினைச்சோம். அப்படி இல்லை. அது மேலயே வரலை. குளிர்ல எப்படியோ வந்துச்சு. வந்ததும் ஒழுங்கா திறந்துச்சு. அப்படின்னா கதவுல பெரிய கோளாறு இல்லை, வர்ற வழியிலதான் கோளாறு. கதவைத் திறக்கிற மருந்து மட்டும் போதாது. மேல கூட்டிட்டு வர்ற மருந்தும் வேணும்.”

“அப்படி ஒண்ணு இருக்கா?”

“சிலது இருக்கு. உங்க கதவுக்குக் கேக்குமான்னு தெரியாது. ஆனா மறுபடி முதல்லேர்ந்து வளர்க்கணும். மறுபடி மூக்குல…”

“எடுத்துக்குங்க. ஓட்டைதான் ரெண்டு இருக்கே.” பிறகு தம் அக்காவைப் பார்த்தார். “அவருக்கு ரொட்டியைக் குடு மிட்ஸி. பெரிய துண்டு வேணாம், அதைச் சம்பாதிக்கட்டும். சின்னதாக் குடு.”

மிட்ஸி கொடுத்தார். டாக்டர் ஸ்டிக்னி முகக்கவசத்தோடு அதை எப்படி உண்பது என்று அறியாமல், கைகளில் ஏந்தியபடியே அமர்ந்திருந்தார். அதைக் கண்டு முதலில் மிட்ஸிதான் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

இரண்டாம் முறை தூரிகை உள்ளே சென்றபோது, ரூடிக்குக் கண்ணீர் தாரையாக வழிந்ததாம். ஆனாலும் செவிலியிடம், “கொஞ்சம் தாராளமாவே எடும்மா, அங்க ஒருத்தர் அதை ஃப்ரிட்ஜுல வச்சிடுவாரு” என்றாராம். அவ்வுயிரணுக்கள் வந்த நாளில், கார்லா தன் மகன் வரைந்த மஞ்சள் பேருந்துப் படம் ஒன்றைக் கொணர்ந்து சூட்டுப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். அதன்கீழ், ‘பஸ் இங்கே மட்டும் நிற்கும்’ என்று எழுதினாள். டாக்டர் ஸ்டிக்னி அதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார், எடுக்கச் சொல்லவில்லை. இன்றும் அந்தப் படம் அங்கேதான் இருக்கிறது.

மேலே அழைத்துவரும் மருந்துகளின் வரலாறு எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதன்று. பல ஆண்டுகளுக்கு முன்பு, சிறுசிறு குழிகள் நிறைந்த தட்டுகளில் உயிரணுக்களை வளர்த்து, குழிக்கு ஒரு சேர்மமாக ஆயிரக்கணக்கானவற்றை இட்டுப் பார்த்திருந்தோம். வாயில் வேலை செய்தால் குழி ஒளிரும்படி சாயம் ஒன்றைச் சேர்த்திருப்போம். நாள்தோறும் தட்டுக்குப் பின் தட்டாக இருளே தெரியும். எப்போதாவது ஒரு குழி மினுங்கும். அதிலும் பெரும்பாலானவை பொய்யொளி. சேர்மமே சாயம்போல் ஒளிர்ந்து எங்களை ஏமாற்றியிருக்கும். பலமுறை சோதித்தும் மங்காமல் நின்றவை கைவிரல்களுக்குள் அடங்கும். பிற ஆய்வகங்களும் அவ்வாறே சல்லடையிட்டுத் தேடிக்கொண்டிருந்தன. எங்களிடம் மினுங்கியவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒன்று, மருந்து நிறுவனம் ஒன்றின் கையில் வளர்ந்து, அக்காலத்தில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதையும் எங்கள் பெட்டியில் இருந்த ஏனையவற்றையும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் கரைப்பானையும் கார்லா வெவ்வேறு குழாய்களில் ஊற்றினாள். எதில் எது என்பதை அவளைத் தவிர எவரும் அறியாதபடி குறியிட்டாள். ஆசை கண்ணை மறைக்கும். ஒருமுறை பட்டது போதும் என்று டாக்டர் ஸ்டிக்னியே அவ்வாறு செய்யச் சொன்னார்.

சோதனை நடந்தது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். அதற்குள் ரூடி வீடு திரும்பியிருந்தார். ஆனால் உயிர்வளிக் குழாய் இல்லாமல் மாடிப்படி ஏற இயலவில்லை. மாற்று வரிசையில் பெயரைச் சேர்க்கும் தாள்கள் மிட்ஸியின் மேசைமேல் இருந்தன. டாக்டர் ஸ்டிக்னி கருவியின் முன் அமர்ந்தார். தட்டு எங்கிருந்து வந்தது என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சூட்டுப் பெட்டியிலிருந்து என்றேன். முதல் குழாய், கோடு தட்டை. அடுத்ததும் தட்டை. அதற்கடுத்தது சற்றே அசைந்து படுத்துவிட்டது. நான் சன்னலுக்குப் போய், கீழே பனி உருகி ஓடும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு டாக்டர் ஸ்டிக்னி, “கார்லா, இது என்ன?” என்று கேட்டார்.

கோடு ஏறியிருந்தது. குளிரில் ஏறிய அளவுக்கு இல்லை; ஏறத்தாழ அதில் பாதி. ஆனால் அது உடற்சூட்டில் ஏறியது.

“ப்ளூ மூடி. அந்தக் கம்பெனிக்காரங்க மருந்து, பாஸ். அதோட கதவைத் திறக்கிறதும் சேர்த்துப் போட்டது” என்றாள் கார்லா.

இம்முறை அவர் எவருக்கும் தொலைபேசியில் சொல்லவில்லை. எஞ்சிய தட்டுகள் எல்லாவற்றிலும் மீண்டும் பார்த்தார். அதற்கடுத்த வாரம் கார்லாவைத் தனியாகப் பார்க்கச் சொன்னார். அதன் பிறகே மருத்துவமனைக்கு எழுதினார். மருந்து நிறுவனம் இரு மருந்துகளையும் ரூடிக்குத் தர ஒப்புக்கொண்டபோது, இளவேனில் முடிந்து வெயில் வந்துவிட்டது.

மாத்திரை என்ன செய்தது என்பதை ஜோனெல்தான் எங்களுக்குச் சொன்னார். மாத்திரை தொடங்கிய சில நாள்களுக்குப் பின், கோடைப் பள்ளிக்காக விடியற்காலையில் பேருந்துகள் புறப்பட்டன. அப்போது வானொலியில் நடந்த உரையாடலை ஓட்டுநர்கள் இன்றும் நடித்துக் காட்டுவார்கள்.

“பன்னிரண்டாம் பஸ், மேப்பிள் தெருவுல வேலை நடக்குது, சுத்திப் போ.”

“சரி. ஆமா, யாருங்க பேசுறது? புது ஆளா?”

“நான்தான்யா, ரூடி.”

“பொய். ரூடின்னா மேப்பிளுக்கும் தெருவுக்கும் நடுவுல இருமணும்.”

வேறொரு பேருந்து குறுக்கிட்டது: “ஐயய்யோ, ரூடிக்கு என்னாச்சு? போயிட்டானா?”

“நான் போகலைடா! இருமல்தான் போயிடுச்சு!”

பிறகு ஒவ்வொரு பேருந்தாக ஒலிப்பான் முழங்கியது. நகரின் கிழக்கோரத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள், அன்று ஏன் பள்ளிப் பேருந்துகள் எல்லாம் ஊதுகின்றன என்று வியந்திருப்பார்கள்.

அவ்விலையுதிர்காலத்தில் ரூடி எங்கள் சரக்கு வாசலுக்கு மீண்டும் வந்தார். படிகளில் நிற்கவில்லை. மிட்ஸியும் வந்திருந்தார், கையில் ஒரு முழுப் பொட்டிட்சா. அதைச் சுற்றியிருந்த துணியின்மேல், ‘டாக்டருக்கு, பெரிய துண்டு’ என்று எழுதிய சீட்டு குத்தப்பட்டிருந்தது. தம் உயிரணுக்களைப் பார்க்க வேண்டும் என்றார் ரூடி. எங்கள் வழக்கம் ஏற்கெனவே உடைந்துதான் கிடந்தது. எஞ்சியிருந்த தட்டு ஒன்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். மயிரிழைகள், மென்காற்றில் ஏரிப்பரப்பு சிலிர்ப்பதைப் போல ஒரே திசையில் அசைந்துகொண்டிருந்தன.

“எனக்குக் கையாட்டுதா?”

“சளியைத் தள்ளுறது, ரூடி. அதோட வேலை அது.”

“நாப்பது வருஷமா எங்க போயிருந்தானாம் இந்த வேலைக்காரப் பய?” என்றார். கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை. “மிட்ஸி, வந்து பாரேன். நம்ம ஃபிராங்கிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?”

மிட்ஸி பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு ரூடி கேள்விகளாகக் கேட்டார். சிறுகுழந்தைகளின் மூக்கிலும் இப்படித்தான் எடுப்பீர்களா என்றார். எடுப்போம், ஆனால் மிகச் சிறிதளவே கிடைக்கும். ஒரு சோதனை தவறினால் மீண்டும் பிள்ளையை அழவைக்க வேண்டியிருக்கும் என்றேன். அவர் மீண்டும் நுண்ணோக்கியில் குனிந்தார்.

அதன்பின் ஆண்டுதோறும், பனி தொடங்கும் நாளில், ஆய்வகத்தின் தொலைபேசி ஒலிக்கும். “மிஸ் ஆர்டித், ரோடு பார்க்கிற பஸ் உங்க பக்கம் வருது. ஏதாவது வேணுமா?” என்பார். எதுவும் வேண்டியிருக்காது. எனினும் ஜோனெல் எங்கள் வாசலில் ஒருமுறை ஒலிப்பானை ஊதிவிட்டுத்தான் போவார். இடையில் அதைவிட நல்ல மருந்துகள் வந்தன. ஒவ்வொன்றையும் முதலில் அவருடைய உயிரணுக்களில் பார்த்தோம், பிறகு அவருக்குக் கிடைத்தது. அவர் ஏரிக்கரையில் மிதிவண்டி ஓட்டினார். தேவாலயத்தின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் தட்டு ஏந்திப் பரிமாறினார். மிட்ஸியின் பேத்தி திருமணத்தில் போல்கா நடனம் ஆடி, மூச்சு வாங்கியது தமக்கல்ல, அக்காவுக்கே என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

2021ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மிட்ஸி என்னை அழைத்தார். அப்போது நான் பணி ஓய்வு பெற்றிருந்தேன். ரூடியின் குடலில் புற்றுநோய்க் கட்டி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுடன் நெடுநாள் வாழ்பவர்களுக்கு அது நேர்வதுண்டு. முன்பெல்லாம் அத்தனை நாள் வாழ்ந்தவர்கள் குறைவு என்பதால் எங்களுக்கே அது தெரியவில்லை. நான் போனபோது ரூடி வீட்டில், சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். உடல் ஒடுங்கிவிட்டது. ஆனால் மூச்சு, எவருடைய மூச்சையும் போல, ஒலியின்றி வந்துபோய்க்கொண்டிருந்தது. அதை நான் கவனிப்பதை அவர் கவனித்துவிட்டார்.

“கேக்குதா? ஒண்ணுமே கேக்கலை இல்ல? அதுக்குத்தான் உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லணும்.”

“நாங்கதான் உங்களுக்குச் சொல்லணும், ரூடி.”

“சரி, ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டோம். என் மூக்கு இன்னும் இருக்கா?”

“இருக்கு. நைட்ரஜன் தொட்டியில உறைய வச்சிருக்கு.”

“குளிரா?”

“அதைவிடக் குளிரான இடம் இந்த ஊர்லயே கிடையாது.”

“அப்ப சந்தோஷமாத்தான் இருக்கும்.” சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்க, என் கையைப் பற்றினார். அவருடைய உள்ளங்கையின் வியர்வை காய்ந்து உப்பாகப் பூத்திருந்தது.

“மிஸ் ஆர்டித், டாக்டர்கிட்ட சொல்லுங்க. புது மருந்து எது வந்தாலும், பிள்ளைங்க செல்லுல போடறதுக்கு முன்னாடி என்னோடதுல போட்டுப் பார்க்கட்டும். அதுங்க மூக்குல கொஞ்சூண்டுதானே கிடைக்கும்னு சொன்னீங்க? அதை வீணாக்காதீங்க. முதல்ல காலிப் பஸ்ஸை அனுப்புங்க.”